ஒரு படி வெளுத்த இரண்டு பற்கள்

பல்லக்காவுக்கு மேல்வரிசையில் நடுவில் இருக்கும் இரண்டு பற்கள் மட்டும் மற்றவற்றைவிட ஒரு படி வெளுப்பு. புதிதாகப் பார்க்கிறவர்கள் அதைக் கவனித்துவிட்டு, கவனிக்காத மாதிரி அவள் நெற்றியைப் பார்த்துப் பேசுவார்கள். ஊருக்கெல்லாம் பல் செய்து கொடுக்கிறவளுக்குத் தன் வாய்க்கு நிறம் பார்க்கத் தெரியவில்லையே என்று பரிதாபப்படுகிறவர்களும் உண்டு. அந்தப் பரிதாபத்தை அவள் மறுத்ததே இல்லை.

இருபத்தாறு வருடமாகப் பல் கட்டும் லேபில் ஜன்னலோர மேசை அவளுடையது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டரை ஊற்றி, மெழுகில் பல் செதுக்கி, பீங்கான் மாவைத் தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றிச் சூளையில் வைத்தெடுக்கும் வேலை. பதினாறு நிறப் பற்கள் கோத்த மாதிரிச் சட்டம் ஒன்று எதிரே தொங்கும். அதைப் பார்க்காமலேயே, எதிரில் நிற்கிறவர் காபிப் பிரியரா, சிகரெட்டை விட்டுவிட்டதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறவரா என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் தன் பல்லில் ஒரு படியைத் தவறவிடுவாளா? வேண்டுமென்றே செய்தாள். சபதம் போடுகிற ஆண்கள் தாடி வளர்ப்பார்கள். அந்த வசதி இல்லாத அவள், கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் உறுத்த வேண்டும் என்று இரண்டு பற்களை வெளுப்பாகச் செய்து மாட்டிக்கொண்டாள். ஒரு கோப்பில் இருக்கும் ஒரு வரியை அடிக்கிற வரைக்கும் இவைதான் என் பல் என்று சூளைக்கு முன்னால் நின்று தீர்மானித்தாள். அந்த வரியின் கதை மூன்று வருடம் ஓடிய கதை.

வீட்டிலிருந்து லேபுக்கு ஏழு கிலோமீட்டர். காலையில் போக, மாலையில் வர, எப்போதும் சைக்கிள்தான். உடம்பு இளைக்க இல்லை. உலகைக் காப்பாற்றவும் இல்லை. உலகம் அவளிடம் அப்படி எதுவும் கேட்கவில்லை. கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். அவர் பிரேக் போடும் விதத்தை ஒருமுறை பயணியாக அனுபவித்தவள், மறுவாரமே சைக்கிள் வாங்கினாள் என்று மகள் சொல்லுவாள். அவருக்கோ சைக்கிள்காரர்கள் என்றாலே ஆகாது. தன் பேருந்துக்கு முன்னால் ஆடி ஆடிப் போகும் அத்தனை பேரையும் "உங்க ஆளுங்க" என்றுதான் வீட்டில் குறிப்பிடுவார். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒரே வீட்டில், ஒரே சாலையின் இரண்டு கட்சிகள் சண்டையில்லாமல் சாப்பிட்டு எழுந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவள் ஒரு கூட்டத்தோடு போவாள். பெயர் ஆமைக் கூட்டம். பேசிக்கொண்டே ஓட்ட முடியாத வேகத்தில் யாரும் ஓட்டக் கூடாது என்பது அதன் ஒரே சட்டம். தையற்கடைக்காரர், ஓய்வுபெற்ற தபால் ஊழியர், மருந்துக்கடைப் பெண் என்று ஒரு முப்பது பேர் ஏரிக்கரை வரை போய், டீ குடித்து, ஊரைத் திட்டிவிட்டுத் திரும்புவார்கள்.

பல் உடைந்த அந்த வேலைநாள் காலையில் மழை இல்லை, அவசரம் இல்லை, போன் அடிக்கவில்லை. எட்டு மணி பத்து நிமிடம். காகிதக் கடைக்கு முன்னால் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தவளின் முன்சக்கரத்தைச் சாலை திடீரென்று பிடித்துக்கொண்டது. மழைநீர் வடிகால்மேல் போட்டிருக்கும் சதுரமான இரும்புக் கம்பிமூடி. கம்பிகள் சாலைக்குக் குறுக்கே கிடக்க வேண்டியவை. அங்கே சாலை போகிற திசையிலேயே நீளவாக்கில் கிடந்தன. டயர் இரண்டு கம்பிகளுக்கு நடுவே இறங்கி நின்றது. சைக்கிள் நின்றது. அவள் நிற்கவில்லை. காகிதக் கடைக்காரர் தண்ணீரோடு ஓடி வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் இருந்த இரண்டு துண்டுகளைத் தொழில்முறையில் பார்த்துக்கொண்டிருந்தாள். பொருத்த முடியாது என்று அவருக்கும் சேர்த்துச் சொன்னாள்.

வாய் வீக்கம் வடிந்ததும் நகராட்சியின் சாலைப் பிரிவுக்குப் புகார் எழுதினாள். அடுத்த ஆளாவது விழாமல் இருக்கட்டும், மூடியைத் திருப்பிப் போடுங்கள் என்பதைத் தவிர அதில் வேறு கோரிக்கை இல்லை. நாற்பத்தோரு நாள் கழித்துப் பதில் வந்தது. சாலைப் பிரிவு இன்ஜினியரின் கையெழுத்து, அழகான கையெழுத்து. "ஓட்டுநரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம். மேல்நடவடிக்கை தேவையில்லை."

பல் போனதைக் கூட அவள் தாங்கிக்கொண்டாள். பல் அவளுக்குக் கிடைக்காத சாமான் இல்லை. கவனக்குறைவு என்ற சொல்தான் உள்ளே இறங்கி, டயர் மாதிரி மாட்டிக்கொண்டது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் கடிக்கும்போது தெரியும் என்று இருபத்தாறு வருடமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு செதுக்குகிறவளிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? போதாததற்கு, வீட்டில் அது வேடிக்கையாகிவிட்டது. பால் பொங்கி வழிந்தால் மகள், "ஓட்டுநரின் கவனக்குறைவு" என்பாள். குடையை மறந்துவிட்டு வந்தால் கணவர் அதே வரியை முழுசாகச் சொல்லி, "மேல்நடவடிக்கை தேவையில்லை" என்று முடிப்பார். பல்லக்காவும் சேர்ந்து சிரிப்பாள். அந்த வெளுத்த இரண்டும் தெரியும்படி சிரிப்பாள்.

இன்ஜினியரை அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் மனதுக்குள் அவரை முழுசாகக் கட்டி முடித்திருந்தாள். ஏசி காரின் பின்சீட், தொப்பை, சைக்கிள் பெடலை வாழ்க்கையில் மிதித்திராத வெளுத்த பாதங்கள். லேபில் வேலை செய்துகொண்டே அந்த வாய்க்குள் இருக்கும் பற்களை ஒவ்வொன்றாகக் கற்பனை செய்வாள். அவருடைய அச்சு என்றைக்காவது தன் மேசைக்கு வந்தால் எந்தப் பல்லில் எத்தனை நூலிழை உயரம் கூட்டினால் மனிதன் தூங்க மாட்டான் என்பதும் அவளுக்குத் தெரியும். அது வரவில்லை. ஊரில் எல்லோருக்கும் பல் ஆடுகிறது, அந்த ஆளுக்கு மட்டும் ஆடமாட்டேன் என்கிறது என்று லேப் முதலாளியிடம் குறைப்பட்டிருக்கிறாள்.

அதனால் அளக்க ஆரம்பித்தாள். லேபில் பல் அளக்கும் கருவியோடு ஞாயிறுதோறும் தெருவில் குந்தினாள். ஆமைக் கூட்டம் சுற்றி நின்று காவல் காத்தது. கம்பிகளுக்கு இடையே நாற்பது மில்லிமீட்டர். அவளுடைய டயர் முப்பத்தைந்து. தினமும் போகும் வழியில் இருநூற்றுப் பதினான்கு மூடிகள், அதில் அறுபத்தொன்று தப்பான திசை. தபால் ஊழியர் படம் வரைந்தார், மருந்துக்கடைப் பெண் தட்டச்சு செய்தாள். மூடிக்கு ஒன்றாக அறுபத்தொரு மனுக்கள் போயின. கூடவே சைக்கிளுக்குத் தனிப்பாதை, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை, நிறுத்த இடம் என்று கூட்டத்தின் மற்ற ஆசைகளும் வால் மாதிரி ஒட்டிக்கொண்டு போயின. உரிமைக் குரல் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. பொதுநலம் என்று மற்றவர்கள் நம்பினார்கள். அவளுக்கு மட்டும் தெரியும், இது சுத்தமான சொந்தப் பகை. பொதுநலம் அதன் பின்சீட்டில் உட்கார்ந்து இலவசமாகப் பயணம் செய்துகொண்டிருந்தது.

எல்லா மனுவுக்கும் சேர்த்து ஒரே பதில் வந்தது. ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் கம்பிகள் குறுக்காகத்தான் இருக்கின்றன. எனவே மனுதாரர் சொல்வதற்கு வாய்ப்பில்லை. அதே அழகான கையெழுத்து.

வரைபடத்தில் குறுக்காக இருப்பது தெருவில் எப்படித் திரும்புகிறது? அதை ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வடிகால் சுத்தம் செய்யும் ஆட்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். மூடியின் ஒரு பக்கத்தில் கொக்கி மாட்ட இரண்டு துளைகள். புதிதாகப் பதிக்கும்போது அந்தத் துளைகள் வண்டிகள் வருகிற திசையைப் பார்க்கும், கம்பிகள் குறுக்கே இருக்கும். ஆட்கள் நடைபாதையில் நின்று, கொக்கி போட்டு, மூடியைச் சுழற்றி இழுத்து எடுப்பார்கள். வேலை முடிந்து திரும்பப் போடும்போது துளைகள் நடைபாதையைப் பார்க்கிற மாதிரி போடுவார்கள். அடுத்த முறை இழுக்கச் சுலபம். சதுரம் என்பதால் எப்படிப் போட்டாலும் பொருந்தும். அதாவது, கவனிப்பாரற்றுக் குப்பை அடைத்துக் கிடக்கும் தெருவில் சைக்கிள் பத்திரமாகப் போகும். ஒழுங்காகச் சுத்தம் செய்யப்பட்ட தெருவில்தான் பல் உடையும்.

ரோட்டுப் பக்கம் நின்று தூக்கினால் என்னவாம் என்று, அந்த ஆட்களை வேலை வாங்கிக்கொண்டிருந்த மேஸ்திரி அம்மாவிடம் கேட்டாள்.

"நாங்க ரோட்டுல நின்னு இதைத் தூக்கினா, பஸ்காரன் எங்களைத் தூக்கிருவான்க்கா" என்றாள் அவள். "முதுகுல கண்ணா இருக்கு?"

அன்று இரவுச் சாப்பாட்டில் கணவருக்குக் குழம்பு மட்டும் வந்தது, காய் வரவில்லை. ஏன் என்று அவர் கேட்கவில்லை. நீண்டகாலத் திருமணத்தில் கேட்கக் கூடாத கேள்விகள் எவை என்பது பேருந்து ஓட்டுநருக்கும் தெரியும்.

மூன்றாம் வருடம் நகராட்சிக்குப் புதிய ஆணையர் வந்தார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி, கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும் வினோதப் பழக்கம் உடையவர். ஆமைக் கூட்டத்தின் மனுக்கட்டைப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிறு நானும் வருகிறேன், சம்பந்தப்பட்ட அதிகாரிகளும் வருவார்கள், எந்த வழி என்று நீங்களே சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். சம்பந்தப்பட்ட அதிகாரி என்ற இடத்தில் சாலைப் பிரிவு இன்ஜினியரின் பதவி இருந்தது.

பல்லக்கா அந்தக் கடிதத்தை நான்கு தடவை படித்தாள். பிறகு மேசையில் நகர வரைபடத்தை விரித்து, வழி போட உட்கார்ந்தாள். நகரத்திலேயே சுத்தமான தெருக்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். போகிற வழியில் பதினான்கு மூடிகள், பதினான்கும் நீளவாக்கு, பதினான்காவது காகிதக் கடைக்கு முன்னால். எல்லோரும் ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும் என்று விதியும் எழுதினாள். கூட்டத்துக்கு மட்டும் ஏற்கெனவே மூடிகளின் பட்டியல் மனப்பாடம். ஆணையரைத் தையற்கடைக்காரர் கூடவே வந்து பார்த்துக்கொள்வார்.

"ஆள் விழுந்து செத்துத் தொலைச்சா?" என்று கேட்டார் கணவர். அவரிடம் மட்டும்தான் விஷயத்தைச் சொல்லியிருந்தாள்.

"பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்துல சாகமாட்டாங்க. நான் செத்தேனா?"

"அது சரி. உனக்கு எத்தனை பல் வேணும்?"

"ரெண்டு. மேல, நடுவுல. அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்" என்றாள். நியாயமான பெண்.

நியாயமானவள் என்பதால் முதலுதவிப் பெட்டியையும் தயார் செய்தாள். பஞ்சு, மருந்து, ஐஸ் பை. வேரோடு கழன்று விழுந்த பல்லைப் பாலில் போட்டு வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் டாக்டர் திரும்பப் பொருத்திவிடலாம் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆகவே ஒரு குட்டி பிளாஸ்கில் குளிர்ந்த பால். பகையாளியின் பல்லை உடைக்கத் திட்டம் போட்டவளே, அதைக் காப்பாற்றப் பாலும் எடுத்துக்கொண்டாள். இதில் முரண்பாடு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. பெட்டியின் அடியில், எப்போதும் போல, அந்த வரி இருக்கும் கடிதத்தின் நகல்.

ஞாயிறு காலை இன்ஜினியர் வந்தார். மூன்று வருடமாக அவள் மனதில் கட்டி வைத்திருந்த ஆள் முதல் பார்வையிலேயே இடிந்து விழுந்தார். தொப்பை இல்லை. கார் இல்லை. உடம்போடு ஒட்டிய சைக்கிள் உடை, தலைக்கவசம், விரல் தெரியும் கையுறை, ஒரு விரலால் தூக்கக்கூடிய சைக்கிள். தினமும் விடியலில் நாற்பது கிலோமீட்டர் போவாராம், ஆணையரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சைக்கிள்காரன் இன்னொரு சைக்கிள்காரிக்கு இதைச் செய்தானா என்று அவளுக்கு எரிச்சல் இரட்டிப்பானது. அதே சமயம் அவருடைய டயரைப் பார்த்தாள். இருபத்தைந்து மில்லிமீட்டர். கம்பிகளுக்கு நடுவே கத்தி மாதிரி இறங்கும். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆணையரும் தையற்கடைக்காரரும் நடுவில் வர, அவருக்குப் பின்னால் சரியாக இரண்டு சைக்கிள் விட்டு ஓட்டினாள். முதல் மூடி வந்தது. இன்ஜினியரின் முதுகு லேசாகச் சாய்ந்தது, சைக்கிள் ஒரு முழம் உள்பக்கம் விலகி, மூடியைத் தாண்டித் திரும்ப ஓரத்துக்கு வந்தது. தற்செயல் என்று நினைத்தாள். இரண்டாவது மூடி. அதே சாய்வு. மூன்றாவதிலும் அதேதான், இந்த முறை திரும்பி ஆணையரிடம் ஏதோ பேசிக்கொண்டே விலகினார். தரையைப் பார்க்கக்கூட இல்லை. வீட்டுக்குள் இருட்டில் மேசை முனையில் இடித்துக்கொள்ளாமல் நடக்கிறவரைப் போல.

இவர் விழப் போவதில்லை. ஆறாவது மூடியில் அது அவளுக்கு உறுதியானது. பிளாஸ்கில் பால் வீணாக ஆடிக்கொண்டிருந்தது. மூன்று வருடம், அறுபத்தொரு மனு, ஒரு வரைபடம், எல்லாம் இந்த ஆளின் இடுப்புச் சாய்வில் போய்விட்டது. ஏழு, எட்டு. ஒன்பதாவது மூடியில் அவர் விலகியபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. மூடி தப்பாகக் கிடக்க வாய்ப்பில்லை என்று எழுதிய மனிதர் எதைப் பார்த்து விலகுகிறார்? அதன்பிறகு அவள் அவர் விழ வேண்டும் என்று விரும்பவில்லை. விழுந்து தொலைத்துவிடக் கூடாதே என்று பயந்தாள். பத்து, பதினொன்று என்று எண்ணிக்கொண்டே வந்தாள். காகிதக் கடைக்கு முன்னால் பதினான்காவது முறையாக அந்த முதுகு சாய்ந்தபோது, அவளுக்கு அது கும்பிடு போடுவது போல இருந்தது.

ஏரிக்கரை டீக்கடையில் எல்லோரும் நின்றார்கள். கடைக்காரருக்குப் பால் தீர்ந்துபோயிருந்தது. பல்லக்கா பிளாஸ்கை எடுத்துக் கொடுத்தாள். நான்கு டீ வந்தது. ஒன்று ஆணையருக்கு, ஒன்று இன்ஜினியருக்கு. அவர் ரசித்துக் குடித்தார்.

அவள் அவர் பக்கத்தில் போய், பாடம் கேட்க வந்தவளைப் போலக் கையைக் கட்டிக்கொண்டாள். நீங்கள் ஓட்டுகிற அழகே தனி என்று ஆரம்பித்தாள். அது பொய்யும் இல்லை.

"வர்ற வழியில பதினாலு இடத்துல உள்ள ஒதுங்கினீங்க சார். அது எதுக்குன்னு சொன்னா எங்களுக்கும் உபயோகமா இருக்கும்."

புகழ்ச்சியை வேண்டாம் என்று சொல்லும் சைக்கிள்காரர் இன்னும் பிறக்கவில்லை. அவர் டீயைக் கீழே வைத்து, ஆணையரும் கேட்கும்படி விளக்கினார்.

"அந்தக் கம்பிமூடிதாங்க. நீளவாக்குல கிடக்குது. டயர் மாட்டுச்சுன்னா அப்படியே தூக்கிப் போட்டுரும். நீங்க எவ்வளவு கவனமா ஓட்டினாலும் தப்ப முடியாது. ஒதுங்கிப் போறதுதான் ஒரே வழி."

"எவ்வளவு கவனமா ஓட்டினாலுமா சார்?"

"ஆமா. யாரா இருந்தாலும்."

பல்லக்கா பெட்டியைத் திறந்தாள். பஞ்சை எடுத்து ஓரமாக வைத்தாள். அடியிலிருந்து கடிதத்தின் நகலை எடுத்து விரித்து, அவரிடம் கொடுக்காமல் ஆணையரிடம் கொடுத்தாள். ஆணையர் படித்தார். பிறகு இன்ஜினியரைப் பார்த்தார். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும் பழக்கம் உடையவர் என்று சொன்னேன் அல்லவா. அன்று கேள்வி கேட்காமலேயே காத்திருந்தார். தபால் ஊழியர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். நாற்பது வருடம் மற்றவர்கள் கையெழுத்துப் போடக் காத்திருந்த அனுபவம்.

டீக்கடைப் பலகையில் வைத்து, கையுறையைக் கழற்றிவிட்டு, அந்த வரி தவறு என்று இன்ஜினியர் எழுதினார். கையெழுத்து இந்த முறை அவ்வளவு அழகாக வரவில்லை. ஆணையர் தள்ளிப் போனதும் அவளிடம் மெல்லக் கேட்டார்.

"இதுக்குத்தான் என்னை வரவழைச்சீங்களா?"

"இல்ல சார். நீங்க விழுவீங்கன்னு வரவழைச்சேன்" என்றாள். "பல்லைப் போட்டு வைக்கப் பால்கூடக் கொண்டுவந்தேன்."

அவர் காலி கிளாஸைப் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துக்கொண்டார்.

மறுவாரம் மூடிகளைத் திருப்பினார்கள். கொக்கி மாட்ட நடைபாதைப் பக்கமாகப் புதிதாக இரண்டு துளை போட்டு, கம்பிகளைக் குறுக்கே வைத்து இறக்க, ஒரு மூடிக்கு நான்கு நிமிடம். காகிதக் கடைக்கு முன்னால் அந்த நான்கு நிமிடமும் மேஸ்திரி அம்மா கையில் சிவப்புக் கொடியோடு ஒரு பேருந்தை நிறுத்தி வைத்திருந்தாள். ஓட்டுநர் பல்லக்காவின் லேபுக்குப் போன் செய்து, "உன் மூடியாலதான் இங்க நிக்கிறேன்" என்றார். நில்லுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கோப்பின் நகலும் வந்தது. பழைய வரியின்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில், "சாலை அமைப்பின் குறையே விபத்துக்குக் காரணம்." அன்று மாலையே சூளையை ஏற்றி, சரியான நிறத்தில் இரண்டு பல் செய்தாள். மறுநாள் அடுத்த தெருப் பல் டாக்டர் பழையதைக் கழற்றிப் புதியதை ஒட்டினார். மகளுக்கு அம்மாவின் முகம் யாரோ மாதிரி இருந்தது.

"அப்பாடா, ஒரு வழியா முடிஞ்சுது" என்றார் கணவர்.

பல்லக்கா பழைய பற்கள் இரண்டையும் பஞ்சில் சுற்றிச் சின்னப் பெட்டியில் வைத்தாள். ஒரு வெள்ளைத்தாளில் கோப்பு எண்ணைத் தெளிவாக எழுதி, கீழே "கோப்பில் சேர்க்கவும்" என்று போட்டுப் பதிவுத்தபாலில் இன்ஜினியரின் அலுவலகத்துக்கு அனுப்பினாள். கோப்பு எண்ணோடு வரும் எதையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், கோப்பில் கட்ட வேண்டும், அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அகற்றக் கூடாது என்பது அங்கே விதி. தபால் ஊழியர் விசாரித்துச் சொன்னது.

பத்தாம் நாள் ஒப்புகைச் சீட்டு வந்தது. வரிசை எண், தேதி, இன்ஜினியரின் சுருக்கொப்பம். விவரம் என்ற கட்டத்தில் யாரோ குமாஸ்தா உருண்டை எழுத்தில் பொறுப்பாக நிரப்பியிருந்தார்:

இணைப்பு: பல், இரண்டு.